2 எஸ் லைப்போவிலிருந்து 6 வோல்ட் சர்வோக்களுக்கு ரெகுலேட்டர்: லீனியரா, ஸ்விட்ச்சிங்கா, எத்தனை ஆம்பியர்?

வால்சிறகு:

வணக்கம் நண்பர்களே.

1.9 மீட்டர் இறக்கையுள்ள ரேடியோ கண்ட்ரோல் ஏரோபேட்டிக் மாடல் விமானம், 30 சிசி பெட்ரோல் இன்ஜின். சர்வோக்கள் (விமானத்தின் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) ஆறு: எய்லரானுக்கு இரண்டு, எலிவேட்டருக்கு இரண்டு, ரடருக்கு ஒன்று, த்ராட்டிலுக்கு ஒன்று. முதல் ஐந்தும் ஸ்டாண்டர்ட் அளவு டிஜிட்டல், 4.8 முதல் 6 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது, 6 வோல்ட்டில் ஸ்டால் கரண்ட் (மோட்டார் சுழலாமல் நிற்கும்போது இழுப்பது) 2.2 ஆம்பியர். த்ராட்டில் சர்வோ சாதாரண அனலாக், ஸ்டால் 0.8 ஆம்பியர். ரிசீவர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 3.5 முதல் 9.6 வோல்ட் வரை வேலை செய்யும். இக்னிஷனுக்குத் தனி பேட்டரி.

இப்போது ரிசீவருக்கு 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக். அதை எடுத்துவிட்டு 2 எஸ் (இரண்டு செல் தொடராக) 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வைக்க நினைக்கிறேன். முழு சார்ஜில் 8.4 வோல்ட் என்பதால் நடுவே ரெகுலேட்டர் கட்டாயம்.

என் சந்தேகங்கள்: கையில் 7805 (5 வோல்ட் லீனியர் ரெகுலேட்டர்) ஐசிகள் நிறைய இருக்கின்றன, மூன்றை இணையாகப் போட்டால் 3 ஆம்பியர் கிடைக்குமா? வாங்குவதென்றால் லீனியரா, ஸ்விட்ச்சிங்கா? ஆறு சர்வோவுக்கு எத்தனை ஆம்பியர் கணக்கு வைக்க வேண்டும்? ஸ்விட்ச்சை ரெகுலேட்டருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?


ஈயப்பற்று:

7805-ஐ இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஒன்றும் போதாது, மூன்றும் போதாது. ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம், மற்ற கேள்விகளுக்கும் அதே கணக்குதான் பதில்.

லீனியர் ரெகுலேட்டர் உபரி வோல்டேஜை வெப்பமாக்கித்தான் கழிக்கும். உள்ளே வரும் வோல்டேஜில் வெளியே போவதைக் கழித்து, கரண்டால் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்று வந்துவிடும். 8.4 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே என்றால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் 3.4 வாட். டிஓ-220 உறையில் இருக்கும் 7805, ஹீட்சிங்க் இல்லாமல், வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி சூடேறும். 3.4 வாட்டுக்கு 220 டிகிரி ஏற வேண்டும். அவ்வளவு தூரம் போகாது, அதற்குள் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை மூடிக்கொள்ளும். மேசைமேல் அது நல்ல குணம். ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில் அப்படி மூடிக்கொண்டால் விமானம் கையை விட்டுப் போயிற்று.

இணையாகப் போடுவதிலும் சிக்கல் உண்டு. 7805-இன் வெளியீடு ஒவ்வொன்றிலும் 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே எங்காவது இருக்கும். மூன்றில் எது சற்று அதிகம் கொடுக்கிறதோ அதுவே மொத்த சுமையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். அது திணறிய பிறகுதான் அடுத்தது எட்டிப்பார்க்கும். மூன்று பேர் சமமாகத் தூக்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தவிர, 7805-க்கு உள்ளே வெளியே இடைவெளி சுமார் 2 வோல்ட் வேண்டும். லைப்போ சுமையில் 7 வோல்ட்டுக்கு இறங்கியதுமே 5 வோல்ட் நிலைக்காது.

குறைந்த இடைவெளியில் வேலை செய்யும் லீனியர் வகைகள் இருக்கின்றன. எல்எம் 1084 போன்றவை 5 ஆம்பியர் வரை கொடுக்கும், அதிகபட்சம் 1.5 வோல்ட் இடைவெளி கேட்கும். 8.4-லிருந்து 6-க்கு இறக்கினால் 2 ஆம்பியரில் 4.8 வாட். விரல் நீள அலுமினியத் தகடும் காற்றோட்டமும் இருந்தால் சமாளிக்கலாம். 2 எஸ்-க்கு லீனியர் நியாயமான தேர்வுதான், இரைச்சலே கிடையாது. 3 எஸ் போனால் கதை மாறிவிடும்: 12.6-லிருந்து 5-க்கு, 2 ஆம்பியரில், 15.2 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை விமானத்துக்குள் வைத்த மாதிரி.

ஸ்விட்ச்சிங் வகை வேறு வழியில் வேலை செய்கிறது. மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) ஒன்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் அதைச் சமப்படுத்திக் கொடுக்கின்றன. 85 முதல் 95 சதவீதம் வரை பயன் கிடைப்பதால் சூடு குறைவு. பதிலுக்கு இரைச்சல் உண்டு. 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் அது பெரிய தலைவலி, 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் ரிசீவரிலிருந்தும் ஆன்டெனாவிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள், வெளியீட்டு ஒயரை ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றுங்கள்.

ஆம்பியர் கணக்கு. உங்கள் ஐந்து சர்வோவும் ஒன்றாக ஸ்டால் ஆனால் 11 ஆம்பியர், த்ராட்டிலையும் சேர்த்து 11.8. ஐந்தும் நொடிக்கணக்கில் ஸ்டாலில் நிற்பது எங்காவது லிங்கேஜ் (சர்வோவின் அசைவைக் கடத்தும் கம்பி) இறுகினால்தான் நடக்கும். ஆனால் ஒரு சர்வோ நின்ற இடத்திலிருந்து புறப்படும் முதல் சில மில்லி நொடிகளில் மோட்டார் சுழலாமல்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அது கேட்பது கிட்டத்தட்ட ஸ்டால் கரண்ட். விமானத்தைச் சட்டென்று உருட்டும் ஸ்நாப் ரோலுக்கு டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சியையும் மூலைக்குத் தள்ளும்போது ஐந்தும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. எனவே சராசரி 1 முதல் 1.5 ஆம்பியர் என்றாலும் நொடியில் ஒரு சிறு பங்குக்கு 10 ஆம்பியரைத் தொடும். வெளியீடு இறங்காமல் அந்த உச்சத்தைக் கொடுக்கக்கூடிய ரெகுலேட்டர்தான் வேண்டும். தொடர்ச்சியாக 5, உச்சம் 10 என்பது உங்கள் மாடலுக்குக் கீழ்வரம்பு. தொடர்ச்சியாகவே 10 கொடுப்பது கிடைத்தால் அதையே எடுங்கள். லேபிளில் ஒரே ஒரு எண் மட்டும் பெரிதாகப் போட்டு, அது தொடர்ச்சியா உச்சமா என்று சொல்லாத பொருளை உச்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்சைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் பேச நிறைய இருக்கிறது.


பால்சா:

ஈயப்பற்று அண்ணன் சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கணும்: இந்த மாடலுக்கு ரெகுலேட்டரே வேணுமா?

பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவுல வைக்கிற ஒவ்வொரு பொருளும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு இடம். 2 எஸ் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் எடுத்தா நடுவுல எதுவுமே வேணாம். நாமினல் 6.6 வோல்ட். சார்ஜ் முடியுறப்ப 7.2, சார்ஜரைக் கழட்டி சர்வோவை நாலு தடவை ஆட்டினா 6.7 பக்கம் வந்து உட்கார்ந்துக்கும், கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கும்.

“6 வோல்ட்டுன்னு போட்டிருக்கே, 6.6 தாங்குமா”ன்னு கேட்பீங்க. அந்த 6 வோல்ட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. 5 செல் நிக்கல் பேக்கோட நாமினல் அது, செல்லுக்கு 1.2. அதே பேக் சார்ஜர்லேர்ந்து இறக்கினதும் செல்லுக்கு 1.4-க்கு மேல, மொத்தம் 7 வோல்ட்டைத் தாண்டி நிக்கும். இப்ப உங்க மாடல்ல இருக்குறது அதேதான். அந்த சர்வோ ஒவ்வொரு தடவையும் 7-ஐப் பார்த்துட்டுத்தான் பறக்குது. 4.8 மட்டும்னு போட்ட பழைய சர்வோ, ஹெலிகாப்டர் வால் சர்வோ, இதுக்கெல்லாம் இது பொருந்தாது. உங்க பட்டியல்ல அப்படி எதுவும் இல்ல. த்ராட்டில் அனலாக் சர்வோவோட லேபிளை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

அது 4.8-தான்னா, அந்த ஒரு சர்வோவோட சிவப்பு ஒயர்ல மட்டும் 1என்5401 மாதிரி 3 ஆம்பியர் சிலிக்கான் டையோடு ரெண்டு தொடரா போடுங்க. ஒண்ணுக்கு 0.7-லேர்ந்து 0.9 வோல்ட் வரை குறையும், கரண்டைப் பொறுத்து. வெள்ளிக்கோடு இருக்கிற முனை சர்வோ பக்கம். மொத்த ரிசீவருக்கும் டையோடு போட்டு வோல்டேஜைக் குறைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு, அது வேணாம். சும்மா நிக்கும்போது குறைப்பு கம்மி, இழுக்கும்போது அதிகம். நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர்.

பாஸ்பேட் பேக்ல ஒரு குறையும் இருக்கு, அதையும் சொல்லிடணும். வோல்டேஜ் வளைவு அவ்வளவு தட்டையா இருக்கிறதால மீட்டரை வச்சு எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியாது. முக்கால்வாசி இருந்தாலும் 6.6, கால்வாசி இருந்தாலும் 6.5. அப்புறம் திடீர்னு கீழ போயிடும். அதனால சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பிப் போட்டுச்சுன்னு குறிச்சு வச்சுத்தான் ஓட்டணும். சார்ஜரும் அதுக்கான முறையில இருக்கணும். லைப்போ முறையில செல்லுக்கு 4.2 வரைக்கும் ஏத்திடும், பேக் பாழ்.


வால்சிறகு:

பால்சா, 5 செல் பேக்கின் 7 வோல்ட் விஷயம் இதுவரை யோசிக்காதது. மாலையில் அளந்து பார்த்தேன்: சார்ஜரிலிருந்து எடுத்ததும் 7.1.

பாஸ்பேட் பேக் பக்கம் மனம் சாய்கிறது. இருந்தாலும் 2 எஸ் லைப்போக்கள் ஏற்கெனவே நான்கு இருப்பதால் ரெகுலேட்டர் வழியையும் முழுதாகத் தெரிந்துகொள்ள ஆசை. ரெகுலேட்டர் இருந்தால் சர்வோ வேகம் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும் என்கிறார்களே, அது உண்மைதானே?

இன்னொன்று: ரிசீவரின் டெலிமெட்ரியில் (விமானத்திலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் தகவல்) வோல்டேஜ் வருகிறது. அதில் 5.5-க்கு அலாரம் வைத்தால் போதுமா?


ஈயப்பற்று:

சர்வோ வேகம் ஒரே மாதிரி இருக்கும் என்பது உண்மை, ரெகுலேட்டருக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க நல்ல காரணமும் அதுதான். ஆனால் உங்கள் அலாரம் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

ரிசீவர் அளப்பது தன்னிடம் வரும் வோல்டேஜை, அதாவது ரெகுலேட்டரின் வெளியீட்டை. பேட்டரி 8.4-ல் இருந்தாலும் 7-ல் இருந்தாலும் ரிசீவர் “6.0” என்றே சொல்லும். ரெகுலேட்டர் பேட்டரியை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்த எண் 5.5-க்கு இறங்கும்போது பேட்டரியில் மிச்சம் இருப்பது நிமிடங்களா நொடிகளா என்று சொல்ல முடியாது.

ஸ்விட்ச்சிங் வகையில் இது இன்னும் மோசம். அது வெளியே கொடுக்கும் திறனை மாற்றாது. உள்ளே வோல்டேஜ் குறையக் குறைய கரண்டை அதிகமாக இழுக்கும். 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 18 வாட், 90 சதவீதப் பயனில் உள்ளே 20 வாட். பேட்டரி 8.4-ல் இருக்கும்போது அதற்கு 2.4 ஆம்பியர் போதும். 6.6-க்கு இறங்கினால் 3 ஆம்பியர். களைத்த பேட்டரியிடம் மேலும் கேட்பதால் அது இன்னும் வேகமாகச் சரிகிறது. லீனியரில் அப்படி இல்லை: பேட்டரி இறங்கினால் வெளியீடும் கூடவே மெதுவாக இறங்கும், சர்வோ சோம்பலாவது கையில் தெரியும்.

அதனால் வோல்டேஜை ரெகுலேட்டருக்கு முன்னால் அளக்க வேண்டும். டெலிமெட்ரியில் வெளி வோல்டேஜ் சென்சார் போடும் வசதி இருந்தால் அதை லைப்போவின் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஒயர் உள்ள பிளக்) இணையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் பேலன்ஸ் பிளக்கில் செல் மீட்டரைச் செருகிப் பாருங்கள். சுமையில்லாமல் செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது மொத்தம் 7.6, காட்டினால் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அந்தப் பேக்கை அன்றைக்கு மறுபடி பறக்கவிட வேண்டாம். சராசரி 1.2 ஆம்பியரில் 12 நிமிடப் பறப்புக்கு 240 எம்ஏஎச் போகும். 2200-இல் பாதி 1100, எனவே நான்கு பறப்பு. இன்னும் இருக்கிறதே என்று ஐந்தாவதுக்கு ஆசைப்படாதீர்கள்.

வெளியீட்டை எத்தனை வோல்ட்டில் வைப்பது? சரிசெய்யும் வசதி இருந்தால் 5.5-ல் வையுங்கள். ஸ்விட்ச்சிங் வகைக்கும் உள்ளே வெளியே கொஞ்சம் இடைவெளி வேண்டும். 6-ல் வைத்தால், குளிரான காலையில் லைப்போ சுமையில் 6.6-க்கு இறங்கும்போது ரெகுலேட்டருக்கு மூச்சுவிட இடமில்லை. 5.5-ல் சர்வோவின் பலம் சுமார் 8 சதவீதம் குறையும். லிங்கேஜ் நீளங்கள் சரியாக இருந்தால் அது தெரியவே தெரியாது.

இனி ஸ்விட்ச். சாதாரண ஸ்லைட் ஸ்விட்ச்சை ரெகுலேட்டருக்குப் பின்னால் வைத்தால், ஆஃப் செய்த பிறகும் ரெகுலேட்டர் பேட்டரியில் தொங்கிக்கொண்டே இருக்கும். அதன் சொந்தச் செலவும் எல்இடியும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2200 எம்ஏஎச் 110 மணி நேரத்தில் காலி. ஐந்தாம் நாள் லைப்போவைப் பார்த்தால் செல்லுக்கு 3 வோல்ட்டுக்கும் கீழே கிடக்கும், அதோடு முடிந்தது. முன்னால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கே வைத்தாலும், அந்தச் சிறு பித்தளை நாக்கு பெட்ரோல் இன்ஜின் அதிர்வில் தேய்ந்து, கரி படிந்து, ஒருநாள் தொடர்பை விட்டுவிடும்.

நல்ல ரெகுலேட்டர்களில் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வரும்: சுமை கரண்ட் மாஸ்ஃபெட் வழியே போகும், வெளியே தெரியும் ஸ்விட்ச் ஒரு சமிக்ஞை மட்டும் கொடுக்கும். அதன் ஒயர் அறுந்தாலும் பிடுங்கப்பட்டாலும் “ஆன்” நிலையிலேயே நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஸ்விட்ச் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால் ஸ்விட்ச்சே வேண்டாம். எக்ஸ்டி 30 கனெக்டர் ஒன்றை உடலின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி பொருத்தி, அதையே செருகி எடுங்கள். எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சுக்கும் சிறு காத்திருப்புக் கரண்ட் உண்டு, ஆகவே வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுவது எப்படியும் நல்லது.


சுழல்காற்று:

ஒயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 10 ஆம்பியர் ரெகுலேட்டர் வாங்கிவிட்டு, அதன் வெளியீட்டை ஒரே ஒரு சர்வோ பிளக் வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோனால் வாங்கிய பலன் பாதி வீண்.

அந்தச் சிறு பிளக்கின் முள் தொடர்ச்சியாக 3 ஆம்பியர் சுமப்பதற்கு மேல் நம்பக்கூடாது. இரண்டு வெளியீட்டு ஒயர்கள் உள்ள ரெகுலேட்டராகப் பாருங்கள். இரண்டையும் ரிசீவரில் செருகுங்கள், ஒன்றை பேட்டரி என்று குறித்த இடத்திலும் மற்றதை காலியாக உள்ள ஏதாவது சேனலிலும். ரிசீவருக்குள் சிவப்பும் கறுப்பும் எல்லாச் சேனலுக்கும் பொதுவான தடங்கள்தான், எங்கே செருகினாலும் ஒன்றுதான்.

ஒயர் தடிமனுக்கும் கணக்கு இருக்கிறது. 26 கேஜ் ஒயருக்கு மீட்டருக்கு 0.134 ஓம், 22 கேஜுக்கு 0.053. இறக்கைக்குள் 60 சென்டிமீட்டர் நீட்டிப்பு ஒயர் என்றால் போக வர 1.2 மீட்டர். 2.2 ஆம்பியரில் 26 கேஜ் 0.35 வோல்ட்டைத் தின்றுவிடும், 22 கேஜ் 0.14 வோல்ட். ரெகுலேட்டரை 5.5-ல் வைத்து, நடுவே 0.35 போனால் சர்வோவுக்குப் போய்ச் சேர்வது 5.15. இறக்கை, வால் நீட்டிப்புகளை 22 கேஜில் போடுங்கள்.

ரிசீவரில் காலி இடம் இருந்தால் 4700 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட், குறைந்த உள்மின்தடை வகை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் சர்வோ பிளக் வைத்துச் செருகலாம். சர்வோ சட்டென்று நிற்கும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டர் போலச் செயல்பட்டு மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். பேட்டரி நேரடியாக இருந்தால் அதை விழுங்கிவிடும். ரெகுலேட்டரால் அது முடியாது, கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும். ஆனால் திறன் போதாத ரெகுலேட்டருக்கு இது முட்டுக்கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 3 ஆம்பியர் பற்றாக்குறை வந்தால் 4700 மைக்ரோ ஃபாரட் ஒரு வோல்ட் இறங்குவதற்கு எடுக்கும் நேரம் சுமார் 1.6 மில்லி நொடி. அவ்வளவுதான் அதன் உதவி. துருவம் மாற்றிச் செருகினால் வெடிக்கும், கோடு போட்ட கால் கறுப்புக்கு.


மின்பருந்து:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எலக்ட்ரிக் மாடலில் 4 எஸ் பேக், இஎஸ்சி-க்குள்ளேயே (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பிஇசி (மோட்டார் பேக்கிலிருந்து ரிசீவருக்கு மின்சாரம் இறக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர்) “லீனியர், 5 வோல்ட் 2 ஆம்பியர்” என்று போட்டிருக்கிறது. டிஜிட்டல் சர்வோ நான்கு. இதற்குத் தனி பிஇசி வேண்டுமா?


சுழல்காற்று:

வேண்டும். லீனியர் பிஇசியில் அந்த 2 ஆம்பியர், செல் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். 4 எஸ் முழு சார்ஜில் 16.8; 5-க்கு இறக்கினால் 11.8 வோல்ட் கழிய வேண்டும். அரை ஆம்பியர் சராசரிக்கே கிட்டத்தட்ட 6 வாட், அதுவும் ஏற்கெனவே மோட்டார் கரண்டால் சூடாகி இருக்கும் அதே பலகையில். இஎஸ்சி கையேட்டில் செல் எண்ணிக்கைக்கு எத்தனை சர்வோ என்று அட்டவணை இருக்கும், செல் கூடக்கூட சர்வோ எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதைப் பாருங்கள்.

தனி ஸ்விட்ச்சிங் பிஇசி போடும்போது, இஎஸ்சியிலிருந்து த்ராட்டில் சேனலுக்கு வரும் மூன்று ஒயரில் நடுவில் உள்ள சிவப்பை மட்டும் விலக்க வேண்டும். வெட்ட வேண்டாம். பிளக்கின் பக்கவாட்டில் தெரியும் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் சற்றே தூக்கினால் முள் வெளியே வந்துவிடும். அதன்மேல் ஹீட்ஷ்ரிங்க் போட்டு ஒயரோடு மடித்துக் கட்டுங்கள். கறுப்பும் சமிக்ஞை ஒயரும் இருந்தாக வேண்டும். சிவப்பை விட்டுவைத்தால் இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று மோதும். ஆப்டோ வகை இஎஸ்சி என்றால் உள்ளே பிஇசியே கிடையாது, எதையும் கழற்ற வேண்டியதில்லை.


பால்சா:

வால்சிறகு, “ரெகுலேட்டர் ரெண்டு, பேட்டரி ரெண்டு போட்டா பத்திரம்தானே”ன்னு அடுத்து தோணும், அதுக்கும் சேர்த்தே சொல்லிடுறேன். ரெண்டு ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டரோட வெளியீட்டை அப்படியே ஒண்ணா சேர்க்காதீங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கரண்டைத் திருப்பித் தள்ளும். தயாரிப்பாளரே இணையா போடலாம்னு சொல்லியிருந்தா சரி. இல்லேன்னா ஒவ்வொரு வெளியீட்டுலயும் 10 ஆம்பியர் ஷாட்கி டையோடு வேணும், அது 0.4 வோல்ட் எடுத்துக்கும், அதுக்கேத்த மாதிரி ரெகுலேட்டரை 5.9-ல வைக்கணும்.

ஆனா ஷாட்கி ஒரு வகைப் பழுதைத்தான் தடுக்கும், ரெகுலேட்டர் செத்து வெளியீடு நின்னுபோறதை. உள்ள இருக்கிற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆச்சுன்னா பேட்டரி வோல்டேஜ் அப்படியே சர்வோவுக்குப் போகும், டையோடு அதுக்கு வழிதான் விடும். இந்த இடத்துல 2 எஸ்-க்கு ஒரு பெரிய நன்மை இருக்கு. ஷார்ட் ஆனாலும் போறது 8.4-தான். உங்க ரிசீவர் 9.6 வரைக்கும் தாங்கும், சர்வோ சூடாகும், துடிக்கும், ஆனா பெரும்பாலும் தரையிறக்குற வரைக்கும் தாக்குப்பிடிக்கும். 6 எஸ் மோட்டார் பேக்லேர்ந்து இறக்குற ரெகுலேட்டர் ஷார்ட் ஆச்சுன்னா 25 வோல்ட், கண் சிமிட்டுறதுக்குள்ள எல்லாம் போயிடும். பெரிய எலக்ட்ரிக் மாடல்லகூட ரிசீவருக்குத் தனியா சின்ன 2 எஸ் பேக் வைக்கச் சொல்றது இதனாலதான்.

ஃபெயில்சேஃப் இருக்கேன்னு நம்பிடாதீங்க. சிக்னல் போனா ரிசீவர் த்ராட்டிலை மூடும், சரி. ரெகுலேட்டர் செத்தா ரிசீவருக்கும் உயிர் இல்ல, சர்வோவுக்கும் உயிர் இல்ல, த்ராட்டில் இருந்த இடத்துலயே நிக்கும். பெட்ரோல் இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும். அதுக்குத்தான் இக்னிஷன்ல ஆப்டிகல் கில் ஸ்விட்ச். ரிசீவர்லேர்ந்து சரியான சிக்னல் வரலேன்னா இக்னிஷனை வெட்டிடும். இது மாட்டாம 30 சிசி மாடலைப் பறக்க விடாதீங்க. மாட்டினதும், இன்ஜின் ஓடுறப்ப தரையில கெட்டியா கட்டி வச்சு, ரிசீவர் பவரை நிறுத்தி இன்ஜின் நிக்குதான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடுங்க.


வால்சிறகு:

கில் ஸ்விட்ச் இருக்கிறது, ஆனால் டிரான்ஸ்மிட்டரிலிருந்து நிறுத்திப் பார்த்ததோடு சரி. ரிசீவர் பவரை எடுத்துச் சோதித்ததில்லை. செய்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. ரெகுலேட்டரை விமானத்தில் பொருத்தும் முன் மேசைமேல் எப்படிச் சோதிப்பது? வெறும் மல்டிமீட்டரில் 5.5 காட்டினால் போதாது என்பது இப்போது புரிகிறது.


ஈயப்பற்று:

போதவே போதாது. சுமையில்லாமல் எல்லா ரெகுலேட்டரும் நல்ல பிள்ளைதான்.

4.7 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் நான்கு வாங்கி இணையாகக் கட்டுங்கள். 5.5 வோல்ட்டில் ஒன்றுக்கு 1.17 ஆம்பியர், நான்கும் சேர்ந்து 4.7. ஒவ்வொன்றும் ஆறரை வாட் சூட்டை வெளியேற்றும், கையில் தொடாதீர்கள், மரப்பலகைமேல் வைக்காதீர்கள், ஓடு அல்லது செங்கல்மேல் வையுங்கள். முழு சார்ஜான லைப்போவை இணைத்து முதலில் ஒரே ஒரு ரெசிஸ்டர் ஐந்து நிமிடம், பிறகு இரண்டு ஐந்து நிமிடம், கடைசியில் நான்கும் ஒரு நிமிடம். மீட்டரின் முனைகளை ரெகுலேட்டர் முனையில் வைக்காமல், ஒயரின் கடைசியில், பிளக்கில் வையுங்கள். 5.5 என்பது நான்கிலும் 5.3-க்குக் கீழே வரக்கூடாது. வந்தால், ரெகுலேட்டரைக் குறை சொல்லும் முன் அதன் முனையிலேயே அளந்து பாருங்கள், அங்கே 5.5 இருந்தால் குற்றவாளி ஒயரோ பிளக்கோ. இரண்டு ரெசிஸ்டர் ஐந்து நிமிடம் ஓடி முடிந்ததும் ரெகுலேட்டரில் விரலை வையுங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அது திறந்த மேசைமேல். மூடிய உடலுக்குள் இன்னும் ஏறும்.

அடுத்தது சட்டென்று வரும் சுமை. கார் இண்டிகேட்டரில் இருக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இதற்கு அருமையான கருவி. குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு, எரியும்போது இழுப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கை முதல் கணத்தில் இழுக்கும். சர்வோக்கள் ஒன்றாகப் புறப்படுவது போலவே. ரிசீவரும் ஒரு சர்வோவும் இணைந்திருக்கும்போது இந்தப் பல்பைத் தொட்டு எடுங்கள், இருபது தடவை. ரிசீவரின் விளக்கு ஒருமுறைகூட அணையக்கூடாது, சர்வோ துள்ளக்கூடாது. சில ரிசீவர்களில் பவர் நடுவில் போய் வந்தால் விளக்கு விட்டுவிட்டு எரிந்து காட்டிக்கொடுக்கும், கையேட்டைப் பாருங்கள். மல்டிமீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அது கண் திறந்து பார்க்கிறது, சில மில்லி நொடிச் சரிவு அதற்குத் தெரியாது. ஆசிலோஸ்கோப் கிடைத்தால் ஒற்றை ட்ரிகரில், இறங்குமுகத்தில், 5 வோல்ட்டில் வைத்து விடுங்கள். அந்தக் கோட்டை ஒருபோதும் தொடாத ரெகுலேட்டரை நிம்மதியாக மாட்டலாம். ரிசீவர் 3.5 வரை தாங்குமே என்று கணக்குப் போடாதீர்கள். மேசைமேல் புது பேட்டரியில் 4-க்கு இறங்குவது, பறக்கும்போது பாதிப் பேட்டரியில் இன்னும் கீழே போகும்.

பொருத்தும்போது: வோல்டேஜைச் சரிசெய்யும் திருகு இருந்தால் அளந்து வைத்தபின் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டு அசையாமல் செய்யுங்கள். கம்பிச்சுருளும் பெரிய கெப்பாசிட்டரும்தான் பலகையில் கனமானவை, அதிர்வில் அவற்றின் கால்தான் முதலில் விரிசல் விடும். பலகையோடு சேர்த்து சிலிக்கான் பசை ஒரு பொட்டு வையுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரித்துவிடும். வாசனையில்லாத நியூட்ரல் வகையாகப் பாருங்கள். அடியில் 6 மில்லிமீட்டர் மெத்தை நுரை, மேலே வெல்க்ரோ பட்டை. நுரையில் முழுதாகச் சுற்றிவிடாதீர்கள். மேல்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

எல்லாம் மாட்டியபின், இன்ஜினை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் சோதனை முறையில் வைத்து, கையேட்டில் சொன்ன தூரம் நடந்துபோய், இன்னொருவர் விமானத்தைப் பிடித்திருக்க எல்லா குச்சிகளையும் இரண்டு நிமிடம் ஆட்டுங்கள். பழைய 5 செல் பேக்கில் கிடைத்த அதே தூரம் கிடைக்க வேண்டும். பத்தடி குறைந்தாலும் ரெகுலேட்டரை ஆன்டெனாவிலிருந்து இன்னும் தள்ளி வைத்து மறுபடி நடந்து பாருங்கள்.


வால்சிறகு:

நான்கு ரெசிஸ்டரும் இண்டிகேட்டர் பல்பும் எடுத்து வைத்துவிட்டேன். 10 ஆம்பியர் தொடர்ச்சி, இரண்டு வெளியீட்டு ஒயர், பிடுங்கினாலும் ஆன் நிலையில் நிற்கும் ஸ்விட்ச் உள்ள ரெகுலேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அது சோதனையில் தேறும் வரை விமானத்தில் பாஸ்பேட் பேக் நேரடியாக. த்ராட்டில் சர்வோவின் லேபிளைப் பார்த்தேன், 4.8 முதல் 6 வோல்ட்.


பால்சா:

அப்போ டையோடு வேணாம், நேரா செருகுங்க. முதல் மூணு பறப்புக்கும் 8 நிமிஷத்துக்கு டைமர் வச்சு இறக்கி, ஒவ்வொண்ணுக்கும் சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பிப் போடுதுன்னு பேக்மேலயே பேனாவுல எழுதி வையுங்க. அந்த மூணு எண்ணை வச்சுத்தான் அதுக்கப்புறம் ஒரு சார்ஜுல எத்தனை தடவை ஏறலாம்னு முடிவு பண்ணணும்.